தண்ணீர் நிற்காத வாதம்



ஒரு வாதம் தேறாது என்பதை ஆங்கிலத்தில் 'இட் டஸின்ட் ஹோல்ட் வாட்டர்' என்பார்கள். அதில் தண்ணீர் நிற்காது. கேள்வி கேட்கக் கேட்க ஒழுகிவிடும்.

ஓட்டைக் குடம் நமக்குப் புதிதல்ல. பவணந்தி முனிவர் நன்னூலில் கடைமாணாக்கருக்கு இல்லிக்குடத்தை உவமை சொன்னார். இல்லி என்றால் துளை. ஆனால் அங்கே ஒழுகுவது கேட்டவனின் மனம்; ஆங்கிலத்தில் ஒழுகுவது சொன்னவனின் வாதம். குடத்தை அப்படியே தமிழுக்குத் தூக்கி வந்தால் பொருள் மாறிவிடும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. இலண்டனில் தஞ்சம் கோரி நம்மவர் எத்தனையோ பேர் தீர்ப்பாயத்தின் முன் நின்றிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கே இந்தத் தொடரைச் சொல்கிறார் என்று வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் அதை "நீங்கள் சொல்வது பொய்யாம்" என்று சொன்னால் என்ன ஆகும்? அந்த மனிதர் பதறிப்போவார். விடுபட்ட விவரத்தைச் சொல்வதை விட்டுவிட்டு, "நான் பொய்யன் இல்லை ஐயா" என்று சத்தியம் செய்யத் தொடங்குவார். அவருடைய விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது என்பதுதான் சொல்லப்பட்டது. அதை அடைக்கக் கிடைத்த வாய்ப்பு அந்த ஒரு சொல்லில் போய்விடும்.

இந்த வேறுபாட்டை மணிமேகலை தெளிவாக அறிந்திருந்தது. 29ஆவது காதையில், காஞ்சி நகரில், அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10 என்று குறைகளை வகைப்படுத்துகிறார். அவற்றில் ஒன்று இப்படி: ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஒலியைக் கண்ணால் காண முடியாது என்பது வாதிடும் இருவருக்குமே தெரியும். ஆகவே ஏது விழுந்துவிட்டது. ஆனால் கவனியுங்கள்: ஒலி நிலையற்றது என்பது பௌத்தர்களின் சொந்தக் கொள்கை! காரணம் தவறியதால் கொள்கை பொய்யாகிவிடவில்லை. வேறு நல்ல காரணம் தேட வேண்டும், அவ்வளவுதான்.

எனவே அந்த ஆங்கிலத் தொடருக்கு "இந்தக் காரணம் நிற்காது" என்பதே போதும். "எடுபடாது" என்றும் சொல்லலாம். "பொய்" என்று மட்டும் வேண்டாம்.

தீர்ப்பாயம் வரை போகாதவர்களுக்கும் இது பொருந்தும். நம் சங்கக் கூட்டங்களிலும் சாப்பாட்டு மேசையிலும், ஒருவர் சொன்ன காரணம் தேறவில்லை என்றால் அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். ஆளைப் பொய்யர் ஆக்கிவிட்டால் அதன்பிறகு பேச்சுக்கே இடமில்லை.