செக்கும் மண்ணெண்ணெய்க் கடையும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சைபீரியாவுக்குக் கடத்தப்பட்ட தம் வீரர்களைப் பற்றிப் போலந்துக்காரர்கள் 1930-லேயே 'நா சிபிர்' என்று படம் எடுத்துவிட்டார்கள். நமக்கு 'கப்பலோட்டிய தமிழன்' வந்தது 1961-ல். ம.பொ.சி. எழுதிய வரலாறு, பந்துலு இயக்கம், சிவாஜி நடிப்பு. வசூல் என்னவோ சுமார்தான்!

படம் பார்த்த யாரைக் கேட்டாலும் செக்கைத்தான் சொல்வார்கள். எனக்கு மனசில் நிற்பது விடுதலைக் காட்சி. 1912 டிசம்பர், கண்ணூர் சிறை வாசல். வரவேற்கக் கூட்டம் இல்லை. தொழுநோயால் உருமாறிய சுப்பிரமணிய சிவா நிற்கிறார், வ.உ.சி.க்கே அடையாளம் தெரியவில்லை. டி.கே.சண்முகம் அதில் நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறார்.

நான் பிறந்த காமயகவுண்டன்பட்டி தியாகிகள் ஊர் என்று பேர் வாங்கியது. பெரியவர்கள் ஜெயிலுக்குப் போன கதையைத் திண்ணையில் உட்கார்ந்து விடிய விடியச் சொல்வார்கள். திரும்பி வந்து எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டால், "அது கிடக்கட்டும்ப்பா" என்று எழுந்துவிடுவார்கள். அந்தக் 'கிடக்கட்டும்'தான் இன்றைக்கு என் பேச்சு.

1908-ல் நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டைத் தீவாந்தரம், 40 வருஷம். மேல்முறையீட்டில் குறைந்து, அந்தமான் தப்பியது. ஆனால் வெளியே வந்த பிறகு இன்னொரு நாடு கடத்தல் காத்திருந்தது. திருநெல்வேலி ஜில்லாவுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். வக்கீல் சன்னதும் போயிற்று. 1906-ல் சுதேசிக் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் ஓட்டியவர், மனைவி பிள்ளைகளோடு சென்னைக்குப் போய் மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். கடல் கடந்து அல்ல ஐயா, இதே ராஜதானிக்குள் அகதி!

நானும் வெளியூரில் வேலை பார்க்கிறவன்தான். பஸ் ஏறினால் மறுநாள் காலை கம்பம் வந்துவிடலாம். அவருக்கு அந்த பஸ்ஸே கிடையாது.

பின்னாளில் சன்னதைத் திருப்பிக் கொடுக்க வைத்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. கோவில்பட்டியில் கொஞ்ச காலம் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு, 1930-களில் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936 நவம்பர் 18-ல் அங்கேதான் காலமானார்.