நோட்டுப்புத்தகத்தை மேசைமேல் வைப்போம்



ஆசிரியர்களின் தொழில்சார் கற்றலைப் பற்றிய கருத்தரங்கு மைசூர் விஜயநகரில் கூடியிருப்பது மிகப் பொருத்தம். பக்கத்தில்தான் மானசகங்கோத்திரி. 1963 முதல் தென் மாநிலங்களுக்கு ஆசிரியர்களை உருவாக்கிவரும் மண்டலக் கல்வி நிறுவனமும், 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அங்கே இருக்கின்றன. அவற்றின் பெருமையை இந்த அவை அறியும். நான் பேச வந்தது இதே மாவட்டத்தின் தென்மேற்கே, காடும் கபினி அணையும் சூழ்ந்த ஹெக்கடதேவனகோட்டே வட்டத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி.

1995இல் யுனிசெஃப் துணையோடு அந்த வட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷிவேலிப் பள்ளிக்குச் சென்றார்கள். சுற்றியுள்ள சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவும் ரமாவும் அங்கே ஒரு முறையை வளர்த்திருந்தார்கள். பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிந்து அட்டைகளில் இருக்கும். சுவரில் உள்ள கற்றல் ஏணியைப் பார்த்து, தான் நிற்கும் படிக்குரிய அட்டையைக் குழந்தையே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் உதவி தேவைப்படுவோர் ஒரு குழு, தோழர் உதவியோடு படிப்போர் ஒரு குழு, தாமே படிப்போர் ஒரு குழு என்று ஒரே அறையில் எல்லாரும் வேலை செய்வார்கள். கோட்டே ஆசிரியர்கள் இதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, உட்கார்ந்து, தங்கள் பிள்ளைகளுக்கான அட்டைகளைக் கன்னடத்தில் தாங்களே எழுதினார்கள். வகுப்பில் வைத்துப் பார்த்தார்கள், ஒத்துவராததைத் திருத்தினார்கள். அதுதான் நலி-கலி. 2009-10இல் கர்நாடகம் முழுவதும் அது பரவியது.

அதே ரிஷிவேலி வித்து சென்னையிலும் விழுந்தது. 2003இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08இல் அது தமிழ்நாடு முழுவதும் சென்றது. நாற்காலியை விட்டு இறங்கி ஆசிரியர் பாயில் உட்கார்ந்ததும், சுவரின் அடியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் கரும்பலகை வந்ததும் அப்போதுதான். ஆசிரியரைக் கண்டால் குழந்தை ஒதுங்கும் பழக்கத்தை இந்த மாற்றங்கள் எவ்வளவோ தணித்தன. இதை நான் நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் பரவிய விதத்தில் ஒன்று விட்டுப்போனது. அட்டையை எழுதிய ஆசிரியருக்கு அந்த அட்டை ஏன் அந்தப் படியில் இருக்கிறது என்று தெரியும். கிழிந்தால் இன்னொன்று எழுதிக்கொள்வார். தன் பிள்ளைக்குப் புரியாவிட்டால் மாற்றிவிடுவார். பெட்டியில் வந்த அட்டையைப் பெற்றுக்கொண்ட ஆசிரியருக்கு அந்த உரிமை இருப்பதாகவே தோன்றவில்லை. அவர் அடுத்த பெட்டிக்காகக் காத்திருந்தார். மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்ல, அவர் ஒன்றியத்துக்குச் சொல்ல, ஒன்றியத்திலிருந்து பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது முறை மட்டும் வந்தது, காரணம் வரவில்லை. இதில் எந்த ஆசிரியரையும் நான் குறை சொல்ல மாட்டேன். காரணத்தைக் கைமாற்றிக் கொடுக்க முடியாது. அவரவர் வகுப்பில்தான் அது பிடிபடும்.

அது எப்படி என்று பார்க்க ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 52இலிருந்து 38ஐக் கழிக்க வேண்டும். இரண்டாம் வகுப்புச் சிறுமி 26 என்று எழுதுகிறாள். நாம் சிவப்பு மையால் தவறு என்று போட்டு, 14 என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவோம். ‘எப்படிம்மா வந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அஞ்சுல மூணு போனா ரெண்டு. ரெண்டுல எட்டு போகாது, அதனால எட்டுல ரெண்டைக் கழிச்சேன் டீச்சர்’ என்பாள். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் நாம்தானே சொன்னோம்? அவள் நாம் சொன்னதைத் தவறாமல் பின்பற்றியிருக்கிறாள். ஈர்க்குச்சிகளில் பத்துப் பத்தாக ஐந்து கட்டும், உதிரியாக இரண்டு குச்சியும் அவள் முன் வைத்து, முப்பத்தெட்டு கொடு என்று கேளுங்கள். மூன்று கட்டைத் தந்துவிட்டு எட்டு குச்சிக்குத் தடுமாறுவாள். யாரும் சொல்லாமலே ஒரு கட்டை அவிழ்ப்பாள். கடன் வாங்குதல் என்று நாம் மனப்பாடம் செய்யவைத்தது அவள் விரல்களுக்குப் புரியும் இடம் அதுதான்.

இந்த 26ஐப் பற்றி நம் குறுவள மையக் கூட்டங்களில் என்றைக்காவது அரைமணி நேரம் பேசியிருக்கிறோமா? சுற்றறிக்கை வாசிப்போம், படிவம் நிரப்புவோம், பதிவேற்ற வேண்டிய தேதிகளைக் குறித்துக்கொள்வோம். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளிலோ ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். பிறகு கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துகிறார்கள். அதற்குப் பெரிய செலவில்லை. கதவைத் திறந்து சக ஆசிரியரை உள்ளே அழைக்கும் மனம் வேண்டும், அவர் குறை தேட வரவில்லை என்ற உறுதியும் வேண்டும். பார்வை என்றாலே ஆய்வு அதிகாரி என்று நடுங்கிப் பழகிய நமக்கு இரண்டாவதுதான் கடினம்.

அப்படி வகுப்பில் நின்று கவனிக்க வேண்டியவையும் எளியவைதான். கேள்வி கேட்ட ஆசிரியர் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்றும், மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் அமெரிக்காவில் மேரி பட் ரோ ஆராய்ந்து சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது. தம் வகுப்பில் தாம் எவ்வளவு பொறுக்கிறோம் என்று ஆசிரியருக்குத் தானாகத் தெரியாது. பின்வரிசையில் ஒரு தோழர் உட்கார்ந்திருந்தால் தெரியும்.

நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். கல்வி உரிமைச் சட்டத்தின்படியே அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்பையும் அவர்கள் இருவரும் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவரைப் பயிற்சிக்கு அழைத்தால் பள்ளியில் பாதி நின்றுபோகும். அதனால்தான் சொல்கிறேன்: 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்சார் கற்றலை எதிர்பார்க்கிறது, அதில் பெரும்பகுதி பள்ளியிலேயே, பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு நடக்கட்டும், அதுவும் கணக்கில் சேரட்டும். இந்தக் கோரிக்கையை இக்கருத்தரங்கு தீர்மானமாகவே எழுதி கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய இரு மாநில அரசுகளுக்கும் அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் கற்றல் நிலைகளுக்குரிய பயிற்சித்தாள்களையும் ஆசிரியர் தம் பிள்ளைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று எழுத்திலேயே அனுமதி வேண்டும். தாளவாடி மலைப்பகுதியில் வீட்டில் கன்னடம் பேசும் குழந்தைக்கும், தஞ்சாவூரில் தமிழ் பேசும் குழந்தைக்கும் ஒரே தாள் எப்படிப் பொருந்தும்? தாளவாடி ஆசிரியரும் சாமராஜநகர் ஆசிரியரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் எழுதிவிடக்கூடிய தாள் அது.

அழைப்பிதழில் கேட்டுக்கொண்டபடி உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைக் கொண்டுவந்திருப்பீர்கள். முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பு வேண்டாம் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டேன், அவர்களும் இசைந்தார்கள். நால்வர் நால்வராக அமர்ந்து, தவறான விடை உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து, அந்தக் குழந்தை எப்படி யோசித்திருக்கும் என்று பேசத் தொடங்குங்கள். நானும் ஒரு குழுவில் வந்து உட்காருகிறேன்.