உயிர் காக்கும் ஒத்திகை



மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. அழைத்ததும் ஆம்புலன்ஸில் துணை மருத்துவர் வருகிறார். அவர் தம் வாழ்நாளில் முதன்முதலாக நின்றுபோன இதயத்தைச் சந்திக்கும் இடம் நம் வீட்டு வரவேற்பறையாக இருக்கலாமா? கூடாது. அது பயிற்சிக்கூடத்திலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

1960இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால், செயற்கைச் சுவாசம் பழகுவதற்காக 'ரெசஸி ஆன்' என்ற பொம்மையை உருவாக்கினார். பின்னர் அதில் நெஞ்சை அழுத்தவும் பழகினார்கள். பெரியவர்களின் நெஞ்சை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும். படிக்க எளிதுதான், இரண்டு நிமிடம் செய்தால் கை ஓய்ந்துவிடும். இன்றைய நவீனப் பொம்மைகளுக்கு நாடி துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது.

ஆனால் உண்மை நோயாளி மேசைமீது படுத்திருப்பதில்லை. பன்னிரண்டாம் மாடியில், குறுகிய குளியலறையில் விழுந்து கிடப்பார். மனைவி கதறுவார். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டால், "ஏதோ வெள்ளை மாத்திரை" என்பார் மகன். இந்தச் சூழலையும் சேர்த்துப் பழக்குவதே முழுமையான ஒத்திகை. 1963இல் அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் பேரோஸ், ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி, மருத்துவ மாணவர்களின் திறனைச் சோதித்தார். பொம்மை கைகளைப் பழக்குகிறது. நடிக்கும் மனிதர் காதுகளைப் பழக்குகிறார்.

ஒத்திகை முடிந்ததும் ஆசிரியரும் மாணவர்களும் அமர்ந்து பேசுகிறார்கள். எதைக் கவனித்தோம், எதை விட்டோம், ஏன்? பதற்றத்தில் மருந்து ஒவ்வாமை பற்றிக் கேட்க மறந்த மாணவர் அங்கே அதை உணர்கிறார். அடுத்த முறை மறக்கமாட்டார்.

இதில் நம் சமூகத்திற்கும் பங்கு உண்டு. நம் பாட்டி "நெஞ்சு கரிக்குது" என்பார். கேட்பவர் அதை அஜீரணம் என்று எண்ணலாம். மாரடைப்பும் அப்படித் தோன்றக்கூடும். தமிழ் அறியாத மாணவருக்கு அந்தச் சொல்லே எட்டாது. ஆகவே ஓய்வுபெற்ற நம் முதியவர்கள் பயிற்சிக்கூடங்களில் நோயாளியாக நடிக்க முன்வரலாம். கல்லூரிகளும் அவர்களை அழைக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

ஒத்திகையில் தவறினால் மறுபடியும் தொடங்கலாம். நம் வீட்டுக் குளியலறையில் அதற்கு வாய்ப்பில்லை.