புகார் கொடுத்த நாளின் சாயங்காலம்

இன்று பி.எட். பட்டம் வாங்கும் இளம் ஆசிரியர்களே!

மந்தைவெளி பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் இங்கே வந்தேன். உங்களுக்கு அது பஸ் பிடித்துவந்த இடம். என் வயதுக்காரர்களுக்கு அது 1996 நவம்பர். சிதம்பரத்தில் மருத்துவம் முதலாண்டு படித்த நாவரசு, சீனியர் மாணவன் ஒருவனின் ராகிங்கில் கொலையுண்டார். அவர் உடலின் ஒரு பகுதி அங்கே வந்து நின்ற பஸ்ஸில் கிடைத்தது. தந்தை பொன்னுசாமி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி.

அதன் பிறகு 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்வி நிறுவனத் தலைவரும் குற்றத்துக்கு உடந்தை என்கிறது அது. கல்லூரியில் இதற்கு ராகிங் என்று பெயராவது உண்டு. பள்ளியில்? 'பசங்க விளையாட்டு, விடுங்க சார்!'

2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரியைச் சேர்ந்த, பிளஸ் டூ படித்த தலித் மாணவர் ஒருவர், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். பள்ளியில் விசாரித்தார்கள், சொன்னார், புகாரும் போனது. அன்று இரவே அந்தச் சக மாணவர்கள் அரிவாளோடு வீட்டுக்குள் புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அடுத்த ஆண்டு அந்த மாணவர் பொதுத்தேர்வில் 600-க்கு 469 எடுத்தார். நாம் கைதட்டினோம். கைதட்டுவது நமக்குச் சுலபம்.

இந்தச் சம்பவத்தையடுத்து, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அவசியம்தான். ஆனால் என்னை உறுத்துவது வேறு. புகாரை வாங்கி ஃபைலில் வைத்தாயிற்று; சொன்ன பிள்ளை அன்று சாயங்காலம் யாரோடு வீட்டுக்குப் போகிறது? அது ஆசிரியர் ஒருவரால் ஆகிற வேலை இல்லை. வாட்ச்மேன், ஆயாம்மா, வேன் டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் வேண்டும்.

மயிலாப்பூரிலோ தி. நகரிலோ அடையாற்றிலோ வேலைக்குச் சேர்ந்ததும் பள்ளி வாசலில் மாங்காய் கீறி விற்கிற அம்மாவிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தப் பையன் ஒரு வாரமாகக் கடைப்பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போகிறான் என்று அவர் கவனித்திருப்பார். இதுவரை யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.