எட்டு உலங்கு வானூர்திகள்

சினூக் என்பது பாரந்தூக்கும் உலங்கு வானூர்தி. அதன் முன்னும் பின்னும் அமைந்த இரு பெருஞ் சுழலிகளும் எதிரெதிர்த் திசையிற் சுழல்வதால் வாற்சுழலி வேண்டுவதில்லை. பொறிகளின் ஆற்றல் பாரத்தை உயர்த்தவே பயன்படுகின்றது. 1962இல் அமெரிக்க இராணுவத்திற் சேர்ந்த இவ்வினம், பொறியும் கருவிகளும் காலந்தோறும் புதுப்பிக்கப்பட்டு இன்றும் பறக்கின்றது.

ஆயினும் புதுப்பித்தல் எளிய காரியமன்று. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு, தன் சினூக் அணியை வலுப்படுத்தக் கருதி, சிறப்புப் படையினரின் பணிக்கென 1995இல் எட்டுப் புதிய ஊர்திகளுக்குக் கட்டளையிட்டது. விலை 259 மில்லியன் பவுண். 2001இல் அவை வந்து சேர்ந்தன. பழைய கருவிகளோடு புதிய கணினிக் கருவிகளும் அவற்றிற் கலந்திருந்தன. அக்கணினி நிரல்களைப் பிரித்தானிய நியமப்படி ஆராய்ந்து உறுதிசெய்ய வேண்டுமென்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. ஆகவே அவை பழுதற்றவையென நிறுவ இயலவில்லை. தெளிந்த வானிலையில், 500 அடிக்கு மேலேதான் பறக்கலாமென்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இரவிலும் மூடுபனியிலும் தாழப்பறக்க வேண்டிய ஊர்திக்கு அது பறக்காமைக்கு ஒப்பாகும்.

2006 முதல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்திற் போரிட்ட பிரித்தானியப் படையினர் போதிய உலங்கு வானூர்திகளின்றி இடர்ப்பட்டனர். அவ்வேளையிலும் அந்த எட்டும் கொட்டகையிற் கிடந்தன. 2007இல் புதிய கருவிகளை நீக்கிப் பழைய அமைப்புக்கே மாற்றுவதென முடிவாயிற்று. அவ்வாறு மாற்றிய முதலாவது ஊர்தி 2009இலேயே பறந்தது.

பொருள் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அதனை நல்லதெனச் சோதித்தறியும் வழியையும் வாங்குவோர் முன்னரே கேட்டுக்கொள்ளல் வேண்டும். எழுதாது விடுத்த ஒரு நிபந்தனையின் விலையைக் களத்தில் நின்றோரே செலுத்தினர்.