கொடையும் கடமையும்
(கரவெட்டியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருள் ஈட்டுவது குற்றமென்று நாம் கூறவில்லை. ஆனால், தனியொருவன் உழைப்பால் மட்டும் பெருஞ்செல்வம் குவிவதில்லை. ஆசிரியன் ஊட்டிய கல்வி, கூலியாள் சிந்திய வியர்வை, ஊரார் வரியால் அமைந்த தெரு, இத்தனையும் அதில் அடங்கியிருக்கின்றன. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே ஒப்புரவறிதல் என்று வேறோர் அதிகாரம் வகுத்தார். இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊருக்குரியதை ஊருக்கு ஆற்றுவது ஒப்புரவு. நாம் இன்று கேட்பது இரண்டாவதையே.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் பெருஞ்செல்வத்தைக் கொண்டு 1913-இல் மருதனார்மடத்தில் மகளிர் கல்லூரியையும், 1921-இல் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். 1930-இல் அவர் மறைந்தார், கொடை மறையவில்லை. 1974-இல் பரமேசுவராக் கல்லூரி வளவிலேயே யாழ்ப்பாண வளாகம் தோன்றிற்று. அதுவே இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். செல்வம் செல்லவேண்டிய வழி இதுவன்றோ?

ஆயினும், அதே பெரியார் டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். கல்வியை அள்ளிக்கொடுத்த கை, ஏழைக்கு வாக்குக் கொடுக்க ஒப்பவில்லை! பழி தூற்ற இதனை நாம் சொல்லவில்லை. கொடையாளியின் மனம் எவ்வளவு பெரிதாயினும், மக்களின் உரிமையை அந்த மனத்தின் பொறுப்பில் விடலாகாது என்பதற்காகவே சொல்கிறோம்.

இந்த மண்ணின் வரலாறும் அதையே கூறுகிறது. சாதியின் பெயரால் பள்ளிக் கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில், 1914-இல், சூரன் அவர்கள் தேவரையாளியில் சைவ வித்தியாசாலையைத் தொடங்கினார். அவருக்குப் பின்னே பெருஞ்செல்வம் நிற்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் உறுதி நின்றது. அதுவே இன்றைய தேவரையாளி இந்துக் கல்லூரி.

இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்மவர் ஈட்டும் பணம் இங்கே கோபுரங்களாகவும் மண்டபங்களாகவும் உயர்கிறது. கோபுரம் வேண்டாம் என்போமல்லோம். ஆனால், அதன் நிழலிலேயே குத்தகை நிலத்தில் வெங்காயம் நட்டுக் கடனில் மூழ்கும் உழவன் இருக்கிறான். அவன் பிள்ளையின் படிப்புக்கு யார் பொறுப்பு?

செல்வரை நாம் கேட்பன மூன்று. முதலாவது, நியாயமான கூலியும் முறையான வரியும் கொடுத்த பின்னரே தருமம் பேசுங்கள். வரியை மறைத்துச் செய்யும் தருமம், பிறர் பணத்தில் செய்யும் தருமமே. இரண்டாவது, கொடுப்பதை வாய்ச்சொல்லாக விடாது, நொத்தாரிசு முன்னிலையில் மீட்கவியலாத தருமசாதன உறுதியாக எழுதுங்கள். சட்டப்படி உடைமை பெயரளவில் பொறுப்பாளனிடம் இருந்தாலும், அதன் பயன் அவனுக்குரியதன்று. மூன்றாவது, பயன்பெறும் மக்களையும் பொறுப்பாளராக்கி, ஆண்டுதோறும் ஊரறியக் கணக்கை வாசியுங்கள்.

இங்கே சட்டம் கற்றோர் இருக்கிறீர்கள். உறுதிகளை ஊதியமின்றி எழுதிக் கொடுங்கள். கணக்கர்கள் இருக்கிறீர்கள், கணக்குகளைப் பாருங்கள். உழவர்களே, நீங்கள் கூசாது கணக்குக் கேளுங்கள். அது பிச்சையன்று, உங்கள் பங்கு!