வயது போனால் இப்படித்தானா?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தின் முன்வரிசையில் எண்பது வயதைக் கடந்த அக்காமார் இருக்கிறார்கள். நாற்பதுகளில் இருக்கும் நாங்கள் நடுவில் நிற்கிறோம். ஒரு பக்கம் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், மறுபக்கம் வயதான பெற்றோர். ஆகவே இன்று பேசப்போவது பெரியவர்களுக்குச் சொல்லும் புத்திமதி அல்ல. நாங்களும் நடக்கப்போகும் வழியைப் பற்றியே பேசுகிறோம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 100 பேரில் 12 பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறோம். எனவே முதுமையில் தனித்துப்போவதும் பெரும்பாலும் நாங்கள்தான். எங்கள் ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்க, அம்மா நான்கு அறை வீட்டில் ஒரு அறையில் மட்டும் விளக்குப் போட்டு இருக்கிறார்.

கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி கேட்பது இவைதான்: "நித்திரை வருகுதில்லை." "சாப்பிட மனமில்லை." "உடம்பெல்லாம் உளைவு." "ஒன்றும் ஞாபகத்தில் நிற்குதில்லை." கூட வந்தவர், "வயது போனால் இப்படித்தானே, டொக்டர்?" என்று கதையை முடித்துவிடுவார்.

இப்படித்தான் என்று விட்டுவிடக்கூடாது. மனச்சோர்வு முதியவர்களிடம் பல வேளைகளில் அழுகையாக வெளிப்படுவதில்லை. உடல் வலியாக, பசியின்மையாக, மறதியாக வரும். "மனம் சரியில்லை" என்று சொல்லி எங்கள் அம்மாமாருக்குப் பழக்கமில்லை. "நெஞ்சு அடைக்குது" என்றுதான் சொல்வார்கள். இப்படி இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு என்பவையும் இதே தோற்றம் காட்டும். அவற்றை முதலில் பரிசோதிக்கவேண்டும். மனச்சோர்வுதான் என்றால் அதற்குச் சிகிச்சை உண்டு, எண்பது வயதிலும் குணமடையலாம். தரும் குளிசை வேலை செய்யச் சில கிழமைகள் செல்லும். பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரைக் கேளாமல் நித்திரைக் குளிசை போடவும் வேண்டாம். இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அது ஒரு காரணம்.

"வாழ்ந்தது போதும்" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், அதைப் பேச்சுக்குச் சொல்வதாக எடுக்காதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இலங்கையில் எவரும் அழைக்கலாம்.

அடுத்தது காது. காது கேளாதவர் முதலில் தொலைபேசியை விடுவார். பிறகு கலியாண வீட்டுக்குப் போவதை விடுவார். கடைசியில் கதைப்பதையே விடுவார். வீட்டார் அதை "அம்மா இப்ப அமைதியாகிவிட்டா" என்பார்கள். மறதி நோய்க்கு ஏதுவான, எங்களால் மாற்றக்கூடிய 14 காரணிகளை 2024இல் லான்செற் மருத்துவ ஆணைக்குழு பட்டியலிட்டது. கேள்திறன் இழப்பு, மனச்சோர்வு, தனிமை மூன்றும் அதில் உள்ளன. காதுக்குக் கருவியும் கண்ணுக்குக் கட்புரைச் சத்திரசிகிச்சையும் மனதுக்கும் மருந்தாகும்.

நடையும் அப்படியே. 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் கிழமைக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முற்றம் கூட்டுவதும் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவதும் இதில் சேரும்.

அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கிய ஆய்வொன்று இன்றும் தொடர்கிறது. ஆண்களை மட்டும் வைத்துத் தொடங்கினார்கள். மனைவிமாரும் பிள்ளைகளும் பின்னர்தான் சேர்க்கப்பட்டார்கள். முதுமையில் நலமாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதற்குப் பணத்தையும் புகழையும்விட நெருங்கிய உறவுகளே உதவுகின்றன என்பது அவர்கள் கண்டது.

உறவு என்றால் கவனிப்பது மட்டும் அல்ல. "நீங்கள் இருங்கோ அம்மா, நாங்கள் செய்யிறம்" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு வேலையாக நாங்கள் வாங்கிக்கொள்ள, தான் யாருக்கும் தேவையில்லை என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து எடுக்கும்போது, "சாப்பிட்டீங்களா? குளிசை போட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று கேளுங்கள். பேரப்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கக் கேளுங்கள். கணக்கு ரீச்சராக இருந்தவரிடம் கணக்குக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1995 இடப்பெயர்வையும் 2009ஐயும் கடந்து வந்தவர்கள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். இழந்தவரின் பெயரை அவர்கள் எடுக்கும்போது, "அதை இப்ப நினையாதேங்கோ" என்று மறிக்கவேண்டாம். அந்தப் பெயரை ஒருவரிடம் சொல்லக்கூடியதாக இருப்பதே ஆறுதல்.

முடிவாக, ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக் கட்டடத்துக்கு நாங்கள் எல்லோரும் கொடுத்திருக்கிறோம். இதற்குப் பணம் வேண்டாம். ஒவ்வொரு வகுப்புப் பிரிவும், தனியாக இருக்கும் ஆசிரியைகள், மூத்த மாணவிகளின் பெயர்களை எழுதுவோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர்: ஊரில் ஒருவர், வெளிநாட்டில் ஒருவர். வெளிநாட்டில் இருப்பவர் கிழமைக்கு ஒருமுறை, சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் கதைக்கவேண்டும். ஊரில் இருப்பவர் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகவேண்டும், கண், காது கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லவேண்டும். மூத்தவர்களே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. "எனக்கு ஒன்றுமில்லை, நீ உன் வேலையைப் பார்" என்று சொல்லி எங்களை அனுப்பிவிடாதீர்கள். மனதில் இருப்பதை எங்களுக்குச் சொல்லுங்கள்.

வாசலில் உள்ள மேசையில் பெயர்ப்பதிவுக் கொப்பி இருக்கிறது. தேநீருக்குப் போகுமுன் ஒரு பெயரையாவது எழுதிவிட்டுப் போங்கள்.